கல்யாணராமனுக்கு ஜலதோஷம் பிடித்த வாரம்

என் அக்கா சீதாலக்ஷ்மியின் அடுக்களையில் எந்தச் சம்படத்திலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. அலமாரியில் பதினெட்டு எவர்சில்வர் சம்படங்கள். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் அவளுடைய கல்யாணத்துக்கு வந்தவை. மல்லிப்பொடி எது, சாம்பார்ப்பொடி எது, சுக்குப்பொடி எது என்று திறக்காமலே சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள் கணவர் கல்யாணராமன். மூடியின்மேல் ஒரு கணம் மூக்கை வைப்பார், எடுப்பார், அவ்வளவுதான். ஒருமுறை நான் சின்னச் சீட்டுகளில் பெயர் எழுதி எல்லாவற்றிலும் ஒட்டி வைத்தேன். மறுநாள் காலையில் ஒன்றுவிடாமல் உரித்துப் போட்டிருந்தார்.

"இதென்ன உன் ஆபீஸ் பைலாடா விச்சு? மூக்கு இருக்கறவா ஆத்துல சீட்டு எதுக்கு?" என்றார்.

அக்கா கணவரை நான் அத்திம்பேர் என்பேன். அவர் தொழிலே சமையல்தான். மலையாளம் பேசும் எங்கள் ஊரில் ஸ்ரீவராகத்திலும் கோட்டைக்குள்ளும் இருக்கிற அக்கிரகாரத் தெருக்களில் கல்யாணம், பூணூல், ஆண்டுநிறைவு என்று எது நடந்தாலும் அடுக்களைக் கூட்டத்தில் அவர் இருப்பார். எங்கள் வீடுகளில் சமைத்ததை முதலில் சுவாமிக்குக் காட்ட வேண்டும். அதுவரை யாரும் ஒரு சொட்டுகூட நாக்கில் விட்டுப் பார்க்கக் கூடாது. அதனால் நல்ல சமையல்காரர் என்றால் நல்ல மூக்கு உள்ளவர் என்று அர்த்தம். பருப்பு வெந்ததா, புளி பச்சை வாசனை போயிற்றா, தாளித்தது போதுமா, எல்லாம் ஆவியில் தெரிய வேண்டும். அத்திம்பேர் உப்பைக்கூட மோந்து சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. உப்புக்கு ஏது வாசனை என்று நான் கேட்டதில்லை, கேட்டால் அக்கா எனக்குச் சோறு போடமாட்டாள்.

இத்தனை மூக்கு இருந்தும் இருபத்திரண்டு வருஷமாக அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலைமைச் சமையல் சுப்புணி மாமா. அவர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், அத்திம்பேர் அண்டாவுக்கு அண்டா ஓடி மோந்து பார்த்துச் சொல்வார். பந்தியில் யாராவது "ரசம் பிரமாதம், யாரு பண்ணினது?" என்று கேட்டால் சுப்புணி மாமா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வருவார். அத்திம்பேர் பின்னால் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருப்பார். அந்தக் கேள்வியை யாராவது தன்னிடம் கேட்க வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

1997 மே மாதம் சுப்புணி மாமா மகனோடு இருக்க மும்பைக்குப் போய்விட்டார். ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ரிடையர்டு இன்ஜினியர் நீலகண்டனுக்கு அறுபதாம் கல்யாணம், நூற்றைம்பது இலை. அவர் அத்திம்பேரைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். "ஓய், இது உமக்குப் பரீட்சை. நன்னா வந்தா இந்தத் தெரு விசேஷமெல்லாம் உம்ம பொறுப்பு. சரியா வரல்லேன்னா பாலக்காட்டிலேர்ந்து ஆள் வரவழைக்கறேன், நீர் அவருக்குத் தேங்காய் துருவும்."

அன்று சாயந்திரம் அத்திம்பேர் வீட்டுக்கு வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஐம்பது வயது மனிதர். அக்கா வெட்கத்தில் கரண்டியைக் கீழே போட்டாள். நான் மாடி அறையில் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன், படியில் நின்று பார்த்துக் கைதட்டினேன்.

இனி நான் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கு ஆறு நாள் முன்பு, திங்கட்கிழமை, ஆபீஸிலிருந்து நான் ஜலதோஷத்தோடு வந்தேன். பக்கத்து மேஜைக்காரர் போன வாரம் முழுக்க என் பக்கமாகவே தும்மிக்கொண்டிருந்தார். வந்தவன் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. கொடியில் தொங்கிய அத்திம்பேரின் துண்டில் முகம் துடைத்தேன். அவர் தம்ளரில் காப்பி குடித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி வாயை மூடாமல் பதினாறு தும்மல் போட்டேன். வியாழக்கிழமை காலை அத்திம்பேர் ஒரு தும்மல் தும்மினார். வீடே நின்றது. அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இன்னொன்று தும்மினார். பிறகு அலமாரிக்குப் போய் ஒரு சம்படத்தின்மேல் மூக்கை வைத்தார். அடுத்ததின்மேல் வைத்தார். மூன்றாவதைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டார். நுனியில் பொடி ஒட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சீதா, எனக்கு ஒண்ணும் தெரியல்ல" என்றார்.

"நேத்திக்கு மழையில நனைஞ்சேள், அதான்" என்றாள் அக்கா. நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

கிழக்கேகோட்டையில் டாக்டர் சுசீலாபாயின் கிளினிக்குக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், ஜுரம் பார்த்தார். அத்திம்பேர் அதற்குள் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு ஊசிக்குத் தயாராக நின்றார்.

"கையை இறக்கும் சாமி. ஊசி வேண்டா" என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில். "வெறும் ஜலதோஷம். இது வைரஸ். ஆன்டிபயாடிக் போட்டாலும் கேட்காது. அதுபாட்டுக்கு வந்து அதுபாட்டுக்குப் போகும், ஒரு வாரம், கூடினா பத்து நாள்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மூக்கு மட்டும் தொறந்தா போறும் டாக்டர். வேற எல்லாம் அடைச்சிருக்கட்டும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். நன்றாகத் தூங்க வேண்டும். வெந்நீர், கஞ்சி, சூடாக எதையாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்க வேண்டும். ஆவி பிடிக்கலாம், ஆனால் கொதிக்கிற பாத்திரத்தில் முகத்தை விடக் கூடாது, சுட்டுக்கொள்வீர்கள் என்றார். உடம்பு வலித்தால் மட்டும் ஒரு பாரசிட்டமால். மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஜுரம் மூன்று நாளைக்கு மேல் நின்றாலோ உடனே வர வேண்டும்.

"ராஸ்னாதிப் பொடி?" என்று அத்திம்பேர் கேட்டார். குளித்துவிட்டு வந்ததும் உச்சந்தலையில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடி தேய்ப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. தலையில் நீர் கோக்காது என்பார்கள்.

"தேய்க்கணும்னா தேய்ச்சுக்கோ. வைரஸ் அதைப் பார்த்து ஓடாது. தலைக்கு மட்டும் கேட்டோ, வாயில போடண்டா" என்றார் டாக்டர். "பின்னே, ஞாயித்துக்கிழமை சமைக்கப் போகண்டான்னு சொல்லுவேன். நீர் கேட்கப் போறதில்ல. மூக்கும் வாயும் துணி கட்டிக்கோ. சோப்புப் போட்டுக் கையை அலம்பிண்டே இரு. தும்மல் வந்தா வெளியே ஓடு."

"மழையில நனைஞ்சது தப்பாப் போச்சு" என்றார் அத்திம்பேர் பெருமூச்சோடு.

"மழையில என்ன இருக்கு? ஜலதோஷக்காரன் யாரோ பக்கத்துல இருந்திருக்கான். அவன் தும்மினதுலேர்ந்தோ, தொட்ட துண்டு தம்ளர்லேர்ந்தோதான் இது வரும்."

நான் சுவரில் இருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்தேன். அத்திம்பேர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவிடம் சொன்னார். அக்கா பேசினாள். அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

அடுத்த இரண்டு நாளும் வீடு ஆவியில் மிதந்தது. மூன்று வேளையும் தரையில் வாளி, வாளியில் வெந்நீர், மேலே கம்பளி, கம்பளிக்குள் அத்திம்பேர். தண்டனையாக என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். இருட்டில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவோம். "இப்ப ஏதாவது தெரியறதாடா?" என்பார். "கம்பளி வாசனை தெரியறது" என்பேன். அது பொய். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குற்றவாளியாகிய நான் ஏதாவது நல்ல சேதி சொல்ல வேண்டாமா? சனிக்கிழமை சாயந்திரம் அந்தப் பொய் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

"உனக்குத்தான் மூக்குத் தொறந்துடுத்தே. நாளைக்கு நீ எம் பக்கத்துல நில்லு. நீ மோந்து சொல்லு, நான் சமைக்கறேன்" என்றார் அத்திம்பேர். அவர் கண் அவ்வளவு நம்பிக்கையோடு என்னைப் பார்த்தது. இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா பையில் இரண்டு சம்படம் வைத்தாள். ஒன்றில் அத்திம்பேர் கையாலேயே போன வாரம் வறுத்து இடித்த ரசப்பொடி. மற்றதில் ராஸ்னாதிப் பொடி. இரண்டும் செம்பழுப்பு. அவள் கவலைப்படவில்லை. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் சம்படத்தைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஞாயிறு விடிகாலையில் நீலகண்டன் வீட்டுக் கொல்லைக் கிணற்றடியில் அத்திம்பேர் குளித்தார். ஈரத்தோடு ஒரு சம்படத்தைத் திறந்தார். சிட்டிகை எல்லாம் போதாது என்று நினைத்திருப்பார் போல, உள்ளங்கை நிறைய அள்ளி உச்சியில் வைத்து அரக்கித் தேய்த்தார். சம்படத்தைக் கிணற்று மதில்மேல் திறந்தபடியே வைத்துவிட்டு, முகத்தில் துண்டை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கொள்ளைக்காரன் மாதிரி இருந்தார். நானும் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வெளியே மழை ஆரம்பித்தது.

சமையல் மும்முரமாக நடந்தது. அத்திம்பேர் கை பழக்கத்திலேயே வேலை செய்தது. நடுநடுவே என்னைப் பார்ப்பார்.

"அவியல் எப்படிடா?"

"தேங்காயெண்ணெய் கமகமன்னு இருக்கு."

"இன்னும் எண்ணெயே விடல்ல."

"தேங்காய்ன்னு சொல்ல வந்தேன்."

பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆனால் அவியலும் சாம்பாரும் ஓலனும் கண்ணுக்கு லட்சணமாக வந்துவிட்டன. பத்து மணிக்கு ரசம் ஒன்றுதான் பாக்கி. புளித்தண்ணீரும் தக்காளியும் அண்டாவில் கொதிக்க, அத்திம்பேர் இரண்டாவது சம்படத்தை எடுத்தார்.

அடுப்பின் அனலில் அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு நெற்றியில் இறங்குவதை நான் பார்த்தேன். இன்னொன்று இறங்கியது. இரண்டும் புருவத்தைத் தாண்டின. அத்திம்பேர் "ஐயோ" என்று சம்படத்தைப் போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டார். உடனே தும்மல் வந்தது. அந்த நிலையிலும் டாக்டர் சொன்னதை மறக்கவில்லை, குருட்டாம்போக்கில் கொல்லைப்பக்கம் ஓடினார். கிணற்றடியில் நின்று ஒன்பது தும்மல் போட்டார். நான் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கண்ணில் ஊற்றினேன்.

பின்வாசலுக்கு வெளியே, பத்தடி தள்ளி, தகரக் கொட்டகையின் கீழ் மாடம்மாள் உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. விசேஷங்களுக்குக் காய் நறுக்கித் தர வருவாள். சுப்புணி மாமா காலத்திலிருந்தே அவளுக்கு அந்த இடம்தான், நறுக்கிய காய் மட்டும் கழுவி உள்ளே போகும். அவள் அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள்.

"கண்ணு எரியத்தான செய்யும் சாமி. வெடியக்காலத்துலேருந்து உங்க தலையில ரசப்பொடில்லா மணக்கு" என்றாள்.

அத்திம்பேர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன சொன்னே?"

"மொளகு, சீரகம், மல்லி எல்லாம் மணக்கு. ஏதோ நேர்ச்சையாக்கும்னு நெனச்சேன். சாமிமார் தலையில எதையாவது போட்டுக்கிடுவீய, நான் என்ன கண்டேன்?"

நான் உள்ளே ஓடிக் கீழே கிடந்த சம்படத்தைக் கொண்டுவந்து அவள் பக்கம் நீட்டினேன். அவள் மோந்து பார்க்கக்கூட இல்லை. "இது தலைக்கித் தேய்க்கிற மருந்துல்லா" என்றாள். இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் அதில் ஆறு கரண்டி அண்டாவில் விழுந்திருக்கும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த நூற்றைம்பது பேரும் டாக்டர் சுசீலாபாய் வீட்டு வாசலில் வரிசையில் நின்றிருப்பார்கள். எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, கிணற்று மதிலைப் பிடித்துக்கொண்டேன். மதில்மேல் முதல் சம்படம் இருந்தது. அதில் மழைத்தண்ணீரும் ரசப்பொடியும் கலந்து சேறாக நின்றது.

"விச்சு" என்றார் அத்திம்பேர். "நீ காலம்பறேருந்து எம் பக்கத்துலதானே நிக்கறே. உனக்கு என் தலை வாசனை வரல்லியா?"

இனிமேல் மறைக்க முடியாது. "எனக்கு ஒரு வாரமா எந்த வாசனையும் வரல்ல அத்திம்பேர்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "தேங்காய் துருவத்தான் நான் லாயக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இலை போட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மல்லியும் மிளகும் பருப்பும் உள்ளே இருந்தன, புதிதாகப் பொடி வறுக்கலாம். ஆனால் வறுக்கும்போது எந்தக் கணத்தில் இறக்க வேண்டும் என்பது மூக்குக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கணம் முந்தினால் பச்சை, ஒரு கணம் பிந்தினால் கருகல். வாயில் போட்டும் பார்க்க முடியாது.

மாடம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அத்திம்பேர் அவளைப் பார்த்தார். "உனக்கு ஜலதோஷம் இல்லையா? ஊர் பூராவும் தும்மறதே."

"எனக்கு எப்படி வரும்? நீங்கதான் யாரும் பக்கத்துல அண்டவிடாம பத்தடி தள்ளி உக்கார வைக்கீயளே" என்றாள். சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. மழை பெய்கிறது என்பது மாதிரிச் சொன்னாள்.

எனக்கு முகம் சுட்டது. அத்திம்பேர் எழுந்து, சோப்புப் போட்டுக் கையையும் தலையையும் அலம்பி, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பின்வாசல் படியில் ஏறித் திரும்பிப் பார்த்தார்.

"உள்ளே வா மாடம்மா. அடுப்புகிட்ட நில்லு. ஆனா எங்க ரெண்டு பேர் மூஞ்சிக்கும் நேரே வராதே, ஒட்டிக்கும்" என்றார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு துள்ளுகிறது. அத்திம்பேர் இருப்புச்சட்டியைக் காயவைத்துப் பருப்பைப் போட்டார். மாடம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி நின்றாள்.

"இப்ப?"

"பச்சையாத்தான் இருக்கு."

"இப்ப?"

"பொறுங்க சாமி, பறக்காதீங்க. ம்... இப்பத் தட்டுங்க."

தாம்பாளத்தில் தட்டினார். மல்லி போட்டார், மிளகு போட்டார். அவர் கேட்க, அவள் சொல்ல, அவர் தட்ட, நான் மிக்ஸியில் அரைக்க, நாங்கள் மூன்று பேரும் ஒரே பாட்டுக்கு ஆடுகிற மாதிரி இருந்தது. அண்டாவில் பொடி விழுந்து நுரை கட்டி எழும்பியபோது அவள் "ஆங்" என்றாள். அத்திம்பேர் உடனே அடுப்பை அணைத்தார். சுவாமிக்குக் காட்டினார்கள், இலை போட்டார்கள். இரண்டாம் தடவை ரசம் கேட்டவர்களை நான் எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். ஜலதோஷக்காரர்கள் பந்தியில் பாதிப் பேர், அவர்கள் இலையில் விடாமல் தம்ளரில் வாங்கிக் குடித்தார்கள்.

நீலகண்டன் மாலையும் கழுத்துமாகக் கையை ஏந்தி ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். பிறகு பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஓய், இந்த ரசம் யாரு பண்ணினது?" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த கேள்வி. அத்திம்பேர் ரச வாளியோடு அவர் இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் துண்டு, கண் இரண்டும் இன்னும் சிவப்பு. நான் பரிமாறுவதை நிறுத்திவிட்டேன். சொல்லுங்கோ அத்திம்பேர், நான்தான்னு சொல்லுங்கோ என்று மனசுக்குள் கெஞ்சினேன். மாடம்மாள் அடுக்களைக்குள் நின்றாள் என்று தெரிந்தால் நீலகண்டன் எழுந்து போய்விடுவாரோ, நாளைக்கே பாலக்காட்டுக்கு ஆள் போகுமோ என்று பயந்தேன்.

அத்திம்பேர் துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"கை என்னோடது. மூக்கு மாடம்மாளோடது. எனக்கு ஜலதோஷம், உள்ளே கூப்பிட்டு அடுப்புகிட்ட நிறுத்திண்டேன்."

பந்தியில் ஒரு ஓரத்திலிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நீலகண்டன் ஏந்திய கையை எடுக்கவில்லை. அதில் மிச்சமிருந்த ரசத்தைப் பார்த்தார். அத்திம்பேரைப் பார்த்தார். பக்கத்து இலையில் அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த மிச்சத்தையும் உறிஞ்சினார்.

"அப்படின்னா செப்டம்பர்ல பொண்ணு கல்யாணத்துக்கும் ரெண்டு பேருமா வந்துடுங்கோ" என்று கையை மறுபடியும் நீட்டினார். "இன்னொரு கரண்டி விடும்."

அத்திம்பேர் விட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு விட்டதில் பாதி ரசம் கைக்கு வெளியே போயிற்று. அடுக்களை வாசலில் மாடம்மாள் நின்றிருந்தாள். படிக்கு வெளியே இல்லை, உள்ளே. மூன்றாம் நாள் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது. அத்திம்பேர் தானே கஞ்சியும் மிளகு ரசமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, என்னிடம் பேனா வாங்கிப் பதினெட்டுச் சம்படத்துக்கும் சீட்டு எழுதினார்.